ஜீப்பின் பானட் ஏன் உயர்ந்தது?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றை வாங்கி வீட்டு ஷெட்டில் நிறுத்தியிருக்கிறான். "சார், டீசல் எஞ்சின் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். வீட்டுலயே மாத்திரலாம்னு இருக்கேன். உங்க வீட்டு ஜீப் ஞாபகம் வந்துச்சு" என்று எழுதியிருந்தான். அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். உடனே என் தங்கை மகன், "மாமா, ஒரிஜினல் எஞ்சினைத் தூக்கிட்டா அப்புறம் அது ஜீப்பே இல்ல" என்று ஒரு போடு போட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடுக்குப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மருமகனுக்கு. அந்தப் படத்தில் பானட் எவ்வளவு உயரமாக இருக்கிறது, பார்த்தாயா? பழைய இங்கிலீஷ் யுத்தப் படங்களில் வரும் ஜீப்பில் பானட் தணிந்திருக்கும். இதில் பெட்டி மாதிரி எழும்பி நிற்கும். காரணம் எஞ்சின்தான்.

1940-ல் அமெரிக்க ராணுவம் சின்னதாக, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று கேட்டது. பாண்டம், வில்லிஸ், ஃபோர்டு என்று மூன்று கம்பெனிகள் மாதிரி செய்து காட்டின. பாண்டம் வைத்திருந்தது 45 குதிரைசக்தி எஞ்சின். ஃபோர்டு தன் டிராக்டர் எஞ்சினை மாற்றி வைத்திருந்தது. வில்லிஸ் எஞ்சின் மட்டும் 60 குதிரைசக்தி. ராஸ் என்ற பொறியாளர் மெருகேற்றிய எஞ்சின் அது. ஜெயித்ததும் அதுதான். அப்புறம் ராணுவத்துக்கு வண்டி போதாமல் ஃபோர்டும் ஜீப் செய்தபோது, தன் எஞ்சினை விட்டுவிட்டு வில்லிஸ் எஞ்சினைத்தான் வைக்க வேண்டியிருந்தது. ஆக யுத்தத்தில் ஓடிய ஃபோர்டு ஜீப்பே இன்னொருவன் எஞ்சின் போட்ட வண்டி.

யுத்தம் முடிந்தபின் அதே எஞ்சினின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு மேல்பாகத்தை மாற்றினார்கள். உள்ளிழுக்கும் வால்வு தலைக்கு மேலே போனது, புகை போகும் வால்வு பக்கவாட்டிலேயே இருந்தது. ஹரிகேன் என்று பெயர் வைத்தார்கள். கொள்ளளவு அதே 2.2 லிட்டர்தான், ஆனால் இழுவை கூடியது, உயரமும் கூடியது. பழைய பானட்டுக்குள் அது அடங்கவில்லை. எஞ்சினைக் குறைக்க முடியாது என்று பானட்டையும் முன் கிரில்லையும் உயர்த்திவிட்டார்கள். 1953-ல் அப்படி வந்ததுதான் சி.ஜே. 3பி. நீ ஒரிஜினல் என்று சொல்கிற வண்டியே எஞ்சின் மாற்றியதால் பிறந்ததுதான் மருமகனே!

நம் ஊருக்கு இது வந்த கதையும் சுவையானது. 1945-ல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமது என்பவரும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மகிந்திரா அண்ட் முகமது. பிரிவினையில் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் இங்கே பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. உதிரியாக வந்த ஜீப்புகளை பம்பாயில் பூட்ட ஆரம்பித்தவர்கள், பின்னால் இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் 3பி 1968-ல் நின்றுவிட்டது. இங்கே அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது.

1973-ல் அரபு-இஸ்ரேல் யுத்தம் வந்து, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. இங்கே டீசல் பெட்ரோலைவிட மலிவு. அதிலிருந்துதான் பெட்ரோல் ஜீப்புக்காரர்கள் எல்லாரும் டீசல் எஞ்சின் தேட ஆரம்பித்தார்கள். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் செய்த பெர்க்கின்ஸ் எஞ்சினைப் போட்டவர்கள் உண்டு, மேட்டடோர் வேன் எஞ்சினைப் போட்டவர்களும் உண்டு. மகிந்திராவே பிரான்ஸின் பெஜோ கம்பெனி எஞ்சினை வாங்கி ஜீப்பில் வைத்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்பார்கள். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த எஞ்சின்தான்.

அப்பா போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்ற ஏலத்தில் எடுத்த 3பி அது. மலையேற்றத்தில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் வந்தால் அன்றைக்குப் பண்டிகை. 1991-ல் மதுரையில் விபத்தில் நொறுங்கிய ஒரு ஜீப்பின் எஞ்சினை அண்ணன் விலை பேசினார். அம்மாவின் வளையல் இரண்டு அதற்குப் போனது. மே மாத லீவில் வீட்டு முற்றத்தில் வேலை. மூன்று மூங்கில் கால் நட்டு, செயின் பிளாக் தொங்கவிட்டு, மெக்கானிக் பாயும் அண்ணனும் பழையதைத் தூக்கினார்கள். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம்.

தூக்குவது ஒரு நாள் வேலை. பூட்டுவதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. புது எஞ்சினின் பெல் ஹவுசிங் விபத்திலேயே உடைந்திருந்ததால், நம் கியர் பாக்ஸோடு இணைக்க லேத் பட்டறையில் தடித்த இரும்புத் தகடு ஒன்று கடைந்தோம். எஞ்சின் நடுவும் கியர் பாக்ஸ் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். "வாத்தியாரே, மயிரிழை தப்புனாலும் கியர் பாக்ஸ் பேரிங் போயிரும்" என்பார் பாய். மூன்று தடவை கழற்றி மாட்டினோம். எண்ணெய்ச் சட்டி முன் ஆக்சிலில் இடித்தது. எஞ்சின் மவுண்டை உயர்த்தினோம். இது பெட்ரோல் எஞ்சினைவிடக் கனம், அதனால் முன்பக்கம் குனிந்தது. ஆளுக்கொரு பட்டை சேர்த்தோம், அதாவது ஸ்பிரிங்குக்கு. பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏழு மடங்கு அமுக்கும் என்றால் இது இருபது மடங்குக்கு மேல் அமுக்கும். பழைய பேட்டரியில் செல்ஃப் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

யாரும் நினைக்காதது வைப்பர். பழைய ஜீப்பில் அது கரண்டில் ஓடாது, எஞ்சின் காற்று இழுக்கும் வெற்றிடத்தில் ஓடும். எங்கள் டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் இல்லை. ஜூன் மழையில் போடிமெட்டு ஏறும்போதுதான் தெரிந்தது! அண்ணன் ஓட்ட, நான் கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன்.

ஆனாலும் லிட்டருக்குப் பத்து கொடுத்தது. இரண்டு வருஷத்தில் வளையல் திரும்பி வந்தது.

இனி என் மாணவனுக்கு. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாதது.

எஞ்சின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் எரிபொருளும் மாற வேண்டும். அந்த வேலை படித்தவன் என்று என்னிடம் விடப்பட்டது. அன்று முறைப்படி தெரிவித்து அனுமதி வாங்க வழி இருந்தது. பள்ளிக்கூடம், பரீட்சை, தேர்தல் டியூட்டி என்று நான் தள்ளிப்போட்டேன். 1996-ல் ஒரு வளைவில் வண்டி பின்னால் உருண்டு சாய்ந்தது. பழம் எடுக்க வந்த ஓர் அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள், எஞ்சினைப் பார்த்தார்கள், பணம் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா ஓர் ஏக்கர் தோட்டத்தை விற்று வைத்தியம் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த அக்காவுக்குக் கடைசிவரை நடை சரியாகவில்லை.

இப்போது சட்டம் இன்னும் இறுக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2000-ல் திருத்தினார்கள். கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போ. பெட்ரோலுக்கு டீசல் முடியாது என்றால் வாதாடாதே.

அதே வகை ஹரிகேன் எஞ்சின்தான் வேண்டும் என்றால், 1991-ல் நாங்கள் இறக்கியது இன்னும் எங்கள் மாட்டுத் தொழுவத்தில் சாக்கு மூடிக் கிடக்கிறது. பிளாக்கில் விரிசல் கிடையாது, கார்புரேட்டர் மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கும் ஆபீசில் முதலில் கேட்டுவிட்டு வா. வரும்போது நாலு ஆளோடு வா, எனக்கு இப்போது முதுகு வலி. ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியச் சாப்பாடு இங்கேதான்.