முழு உடன்பாடு வரமுதலே சேர்ந்தவர்கள்

யாழ்ப்பாணத்துத் தேவாலயத்துக்கு ஏன் 'தென்னிந்திய திருச்சபை' எண்டு பெயர்? வட்டுக்கோட்டைப் பக்கம் பெயர்ப்பலகையைப் பார்க்கிற ஆருக்கும் இந்தக் கேள்வி வரும். பதில் 1947 செப்டெம்பர் 27இல் இருக்கிறது. அன்றைக்குச் சென்னை சென் ஜோர்ஜ் பேராலயத்தில் அங்கிலிக்கன் திருச்சபை, மெதடிஸ்த திருச்சபை, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றாகின. இந்தியா இரண்டாகப் பிரிந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது! ஐக்கிய சபை என்பதே 1908இல் கொங்கிறிகேஷனல், பிரெஸ்பிற்றேரியன் சபைகள் சேர்ந்து உருவானது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் சபைகளும் அதற்குள் இருந்தபடியால், யாழ்ப்பாணமும் புதிய திருச்சபையின் 14 ஆதீனங்களில் ஒன்றானது. சபாபதி குலேந்திரன் அதன் முதலாவது பேராயர்.

இந்தப் பேச்சுவார்த்தை தொடங்கியது 1919இல், தரங்கம்பாடியில். முதலாவது இந்திய அங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியா உட்பட அங்கே கூடியவர்களில் ஏறத்தாழ எல்லாரும் இந்தியர்கள். அவர்களுடைய வாதம் நேரானது: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளிநாட்டில் இருந்து வந்ததை ஏன் நாங்கள் சுமக்கவேணும்?

கேட்க இலகுவாக இருக்கு. ஆனால் 28 வருஷம் எடுத்தது. அசரியா 1945இன் முதல் நாளில் இறந்துபோனார், பலனைக் காணவில்லை.

இழுபட்டதற்குப் பெரிய காரணம் பேராயர் பதவி. அப்போஸ்தலர் காலத்தில் இருந்து அறாமல் வாற வரிசையில் உள்ள பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்தால்தான் ஒருவர் முறையான குருவானவர் என்பது பல அங்கிலிக்கன்களின் நம்பிக்கை. மற்றப் பக்கத்தில், தங்கள் போதகரைத் தாங்களே தெரிவுசெய்து பழகிய சபைகள். அங்கிலிக்கன் நிலைப்பாட்டை அப்படியே ஏற்றால், வாழ்நாள் முழுக்க ஊழியம் செய்த போதகர் ஒருவர் திரும்ப அபிஷேகம் பெறவேணும். அதாவது, இவ்வளவு காலமும் தான் கொடுத்த திருவிருந்து சரியானதில்லை எண்டு ஒப்புக்கொள்ளவேணும். ஆர் சம்மதிப்பினம்?

அவர்கள் கண்ட வழிதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆர் சரி என்ற கேள்விக்கு அவர்கள் தீர்ப்புச் சொல்லவே இல்லை. இனிமேல் வாற எல்லாருக்கும் பேராயர்தான் அபிஷேகம் செய்வார். ஏற்கனவே இருக்கிற போதகர்களை அப்படியே ஏற்றுக்கொள்வது. எந்தச் சபையின் மனச்சாட்சிக்கும் விரோதமாக ஒரு போதகரைத் திணிப்பதில்லை. 30 வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு மிச்சத்தை யோசிப்பம். கொள்கையில் முழுசா ஒத்துப்போன பிறகுதான் சேரலாம் என்று நிண்டிருந்தால், இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பினம். இதை மழுப்பல் என்று விமர்சித்தவர்கள் அப்பவே இருந்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு தலைமுறைக் காலத்தை நம்பிக் கையெழுத்து வைப்பதற்குத் துணிவு வேணும்.

விலையும் கொடுக்கவேண்டி வந்தது. இங்கிலாந்தின் எஸ்.பி.ஜி. சங்கம் புதிய திருச்சபைக்கான நிதியை நிறுத்தியது. ஆந்திராவின் நந்தியாலில் அங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினர் சேரமாட்டோம் எண்டு வெளியிலேயே நிண்டார்கள். பேச்சுத் தொடங்கிய தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1706இல் காலடி வைத்த இடம்; ஆனால் தமிழ் லுத்தரன் சபை இந்த இணைப்புக்குள் வரவே இல்லை.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் சிக்கல். மிஷன்கள் இங்கே சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவை இல்லை. 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தை வெஸ்லியன் மிஷனரியான பீற்றர் பேர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரின் உதவியோடுதான் செய்து முடித்தார். ஒரு புத்தகத்துக்காகச் சமயம் கடந்தே ஒரு மேசையில் இருக்க முடிந்திருக்கு. ஆனால் 1947இல் யாழ்ப்பாணத்தில் இருந்து சேர்ந்தது அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் மட்டும். இங்கத்தைய அங்கிலிக்கன்களும் மெதடிஸ்தர்களும் இலங்கைக்கான தனி இணைப்புத் திட்டத்துக்குக் காத்திருந்தார்கள்.

அந்தத் திட்டமும் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்தது. கனகால உழைப்பு, வாக்கெடுப்புகள் எல்லாம் கழிந்து, 1970களின் தொடக்கத்தில் ஒரு வழக்கோடு நிண்டுபோனது. அதுக்குப் பிறகு எழும்பவில்லை. அதனால் இன்றைக்கும் யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன்கள் கொழும்புப் பேராயருக்குக் கீழே, மெதடிஸ்தர்கள் தங்கள் மகாசபைக்குக் கீழே, வட்டுக்கோட்டை தென்னிந்தியத் திருச்சபைக்குக் கீழே.