தலைப்பில் இடம்பெறாத தங்கை

ஒரு மேசை, ஐந்தாறு பேர், சில பகடைகள். ஒருவர் கதையை நடத்துகிறார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள். வடகடலின் பனியில் ஒரு நீள்கப்பல் கிளம்புகிறது. கரையில் ஏறலாமா, எதிரில் நிற்பவனோடு பேசலாமா, வாளை உருவலாமா என்று அவரவர் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடங்கிவைத்த விளையாட்டு முறை இது. வைக்கிங் காலத்தில் நடக்கும் சாகசங்களுக்கென்றே 1991இல் அதற்குத் தனி நூல் வந்தது.

கற்பனைக்கு எல்லையில்லை என்று சொல்லிக்கொண்ட இந்த விளையாட்டு பெண்ணுக்கு மட்டும் ஓர் எல்லை வகுத்தது. 1978ஆம் ஆண்டு விதிநூலின்படி, உடல் வலிமையில் உச்ச எண்ணான 18ஐப் பெற்ற போர்வீரர் மேலும் நூறு படிகள் வரை ஏறலாம். மனித ஆண் நூறையும் தொடலாம். மனிதப் பெண் ஐம்பதோடு நின்றுவிட வேண்டும். டிராகன் பறக்கலாம், செத்தவர் எழுந்து நடக்கலாம். ஒரு பெண்ணுக்கு ஆணளவு பலம் இருப்பதை மட்டும் நம்ப முடியவில்லை! 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்த விதி போனது.

‘அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது, அதைத்தானே விளையாட்டில் காட்ட முடியும்’ என்பார்கள். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று சொன்னவர்கள் யார்? சுவீடனின் பிர்காவில் 1878இல் யால்மர் ஸ்டோல்பே ஒரு கல்லறையைத் தோண்டினார். வாள், கோடரி, ஈட்டிகள், அம்புகள், இரண்டு குதிரைகள், கூடவே ஒரு முழுத் தொகுதி ஆட்டக்காய்கள் கிடைத்தன. புதைக்கப்பட்டவர் படை நடத்தத் தெரிந்த வீரர் என்பதற்கு அந்தக் காய்களையே சான்றாகக் காட்டினார்கள். வீரர் என்றால் ஆண்தானே என்று நூறாண்டுக்கும் மேலாக எழுதிவந்தார்கள். 2017இல் மரபணு ஆய்வு அந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை என்று காட்டியது. உடனே கேள்விகள் கிளம்பின: ஆயுதங்கள் அவளுடையவைதானா, உண்மையில் அவள் போரிட்டாளா? கேள்விகள் நியாயமானவையே. ஆனால் அதே எலும்புகள் ஆணுடையவை என்று நம்பிய காலம் முழுவதும் அந்தக் கேள்விகளைக் கேட்பாரில்லை.

வடகடலை விட்டு நம் காங்கேயம் பக்கம் வருவோம். கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் சாமி கதையும் ஒரு பெரும் சாகசம்தான். வளநாடு, வேட்டுவரோடு பகை, கொம்பன் என்னும் காட்டுப்பன்றி, மாயம், போர் எல்லாம் அதில் உண்டு. மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது மனிதர்கள் அந்தக் கதைக்குள்ளேயே போய்விடுகிறார்கள். படுகளத்தில் வீரர்களாக விழுந்து ‘சாகிறார்கள்’, பிறகு எழுப்பப்படுகிறார்கள். பாத்திரமேற்று ஆடுவதை நமக்கு எந்த நாட்டு விதிநூலும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கதையில் தாமரை நாச்சிக்கு ஒரே பேற்றில் பிறந்தவர்கள் மூவர்: பொன்னர், சங்கர், அருக்காணித் தங்காள். மு. கருணாநிதி எழுதிய நாவலின் பெயர் ‘பொன்னர் சங்கர்’. 2011இல் வந்த திரைப்படத்தின் பெயரும் அதுதான். கோயிலும் கதையும் அண்ணன்மார் பெயரில். ‘அண்ணன்’ என்று கூப்பிட ஒரு தங்கை இருந்தால்தானே அவர்கள் அண்ணன்மார்? 1960களில் அன்றைய கோவை மாவட்டத்தின் ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையைப் பாடகரிடமிருந்து பதிவுசெய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1982இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘மூன்று இரட்டையர்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் எண்ணிக்கை மூன்று என்று பட்டது.

இந்தத் தங்கை கதையில் சும்மா இருப்பவள் அல்ல. வரப்போவதைக் கனவில் காண்கிறாள், அண்ணன்களை எச்சரிக்கிறாள். அவர்கள் மாண்டபின் காட்டில் தேடிச் சென்று, தெய்வத்தின் துணையோடு அவர்களைச் சற்று நேரமேனும் உயிர்ப்பித்துப் பேசவைக்கிறாள். அவ்வளவு ஆற்றல் இருந்தும், ‘தங்கச்சி கிளி கேட்டாள், அதனால் பகை மூண்டது’ என்ற பழியே அவள் பங்குக்கு வருகிறது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு தங்கை இருக்கிறாள்: வேட்டுவரின் வீரத்தங்காள். கொம்பன் அவள் வளர்த்த பன்றி. அண்ணன்மாரின் மனைவிகளான முத்தாயியும் பவளாயியும் இன்னும் பின்னால் நிற்கிறார்கள். தாலி கட்டியவர்கள் அவர்களைத் தொடவில்லை. வீரத்துக்கு விரதம் வேண்டுமாம். அவர்களை மணக்கோலத்தோடு ஒரு மாளிகையில் வைத்துவிட்டுக் கதை போருக்குப் போய்விடுகிறது. அந்த நாட்களில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உடுக்கை சொல்வதில்லை.

இக்கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு சிறு இடம். பிறப்பது ஆணானால் கொன்றுவிடு என்று பங்காளிகள் மருத்துவச்சியை ஏவுகிறார்கள். பெண்ணைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, ஏனென்றால் காட்டிலும் தோட்டத்திலும் பெண்ணுக்குப் பங்கில்லை. ஆண் குழந்தைகளை ஒளித்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அருக்காணி தொட்டிலிலேயே பிழைத்துக்கொள்கிறாள். அவள் கணக்கில் வராதவள், அதனால் உயிரோடிருந்தாள். இதே கொங்கு மண்ணில் 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது. பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். கதையில் பங்கில்லாததால் பிழைத்த பெண், நம் காலத்தில் பங்கில்லாததாலேயே செத்தாள். நிலம் மகனுக்கு, செலவு மகளுக்கு என்ற ஒரே விதியின் இரண்டு முடிவுகள் இவை. 1989இல்தான் தமிழ்நாட்டுச் சட்டம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்றது. சட்டம் வந்து மூன்றாண்டு கழித்தும் தொட்டில் தேவைப்பட்டது.

அந்த விளையாட்டில் பெண்ணின் வலிமைக்கு வரம்பு போட்ட விதியை, விளையாடிய பெண்களும் கேள்வி கேட்ட ஆண்களும் ஏற்க மறுத்தார்கள். பதினொரு ஆண்டுகளில் அது அழிந்தது. அது ஒரு புத்தகத்தில் அச்சாகி எல்லார் கண்ணுக்கும் தெரிந்த விதி. நம் விதிகள் அச்சில் இருப்பதில்லை. கதையாகப் பாடப்பட்டு, சாமியாகக் கும்பிடப்பட்டு, ‘நம்ம வழக்கம்’ என்ற பெயரில் வீட்டுக்குள் இருக்கின்றன. அதனால்தான் கதையை வேறு இடத்திலிருந்து சொல்லிப்பார்ப்பது அவசியமாகிறது.

கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு விடுதி அறையில் நாலு பெண்கள் பகடையோடு உட்காரலாம். ஒருத்தி அருக்காணி, ஒருத்தி வீரத்தங்காள். இன்னும் இருவர் முத்தாயியும் பவளாயியும். அண்ணன்மார் போருக்குப் போய்விட்டார்கள். மாளிகைக் கதவு சாத்தியிருக்கிறது. இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்று கதை நடத்துபவள் கேட்கட்டும். ஐந்நூறு வருடமாகப் பாடியும் யாரும் அவர்களிடம் கேட்காத கேள்வி என்று சொல்லத் தோன்றுகிறது; வருடம் எத்தனை என்பது முக்கியமில்லை. கேட்கவில்லை என்பதுதான் முக்கியம்.