தோட்டத்தில் மரக் கொட்டகை: மூட்டும் அடித்தளமும்

அறுவடையைத் தரம் பிரிக்கவும், ஆட்கள் வெயிலுக்கு ஒதுங்கவும் தோட்டத்தில் பக்கச்சுவர் இல்லாத கொட்டகை ஒன்று தேவை. வரப்போரத்தில் முற்றிய தேக்கோ வேம்போ வாகையோ வைத்திருப்பவர்கள், பழைய வீடுகளில் உள்ளதுபோல் துளையும் நாக்கும் வைத்த மூட்டில் அதைப் போட்டுக்கொள்ளலாம். தேக்காக இருந்தால் வெட்டும் முன் வனச்சரக அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூணுக்கு வைரம் பாய்ந்த பகுதியே ஏற்றது. வெளிப்புற வெளிர் மரத்தைக் கரையான் முதலில் தேடி வரும். அறுத்த மரத்தை நிழலில், இடையே குச்சி கொடுத்து அடுக்கி, இரு முனைகளிலும் பெயின்ட் பூசி உலர்த்த வேண்டும். 6 அங்குலத் தூண் ஓராண்டிலும் முழுதாக உலராது. லேசான ஈரம் இருந்தால் பாதகமில்லை. மூட்டில் அடிக்கும் மர முளை மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

தூணின் தலையில் செதுக்கும் நாக்கின் கனம், தூணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 6 அங்குலத் தூணுக்கு 2 அங்குலம். உத்திரத்தின் அடியில் எடுக்கும் துளை, நாக்கின் நீளத்தைவிடக் கால் அங்குலம் ஆழமாக இருக்கட்டும். நாக்கு அடியில் முட்டினால் பாரம் தூணின் தோளில் இறங்காது. முளைக்கான ஓட்டையை நாக்கில் மட்டும் தோள் பக்கமாக 2 மி.மீ. தள்ளிப் போட்டால், கருவேல முளையை அடிக்கும்போதே மூட்டு இறுகிவிடும். இதைத் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுவர் இல்லாததால் கொட்டகை பக்கவாட்டில் சாயப் பார்க்கும். எனவே ஒவ்வொரு தூணிலிருந்தும் உத்திரங்களுக்கு இரு திசையிலும் 45 டிகிரியில் சாய்வு முட்டு வேண்டும். தலையில் இடிக்கும் என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். கொட்டகையை அரை அடி உயர்த்திக் கட்டுங்கள், முட்டை விட்டுவிடாதீர்கள்.

அடித்தளம்தான் சிக்கலான இடம். தூணை மண்ணில் புதைத்தால் தரைமட்டத்திலேயே உளுத்துப்போகும். கல்லின் மேல் சும்மா நிறுத்தினாலோ, தகரக் கூரைக்கு அடியில் புகும் காற்று மொத்தத்தையும் தூக்கிவிடும். பாரத்தைத் தாங்கவும் சாய்வைத் தடுக்கவும் மர மூட்டு போதும். மேல்நோக்கிய இழுப்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

தீர்வு எளிது. இரண்டரை அடி ஆழக் கான்கிரீட்டில் இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்து, தரைக்கு மேல் ஓரடி உயரக் கல் பீடத்தில் தூணை நிறுத்தி, பட்டைகளோடு சேர்த்துப் போல்ட் போட்டு முறுக்குங்கள். கைமரத்தையும் உத்திரத்தோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். கடலோரத்தில் தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையிலும் ஒரு பட்டை தேவை. இரும்பே கூடாது என்ற பிடிவாதம் இங்கே வேண்டாம்.

கூரை இறவாணம் தூணுக்கு வெளியே இரண்டடி நீண்டால் சாரல் மூட்டில் படாது. வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிட்டு, ஓராண்டு கழித்து மரம் சுருங்கியபின் முளைகளையும் போல்ட்களையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.