கோலும் சங்கிலியும்: திண்டுக்கல் சீமையை முன்வைத்து அளவைக் கருவி நூல்கள் குறித்து ஓர் ஆய்வு

அளவைக் கருவிகளைப் பற்றிய பழைய நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் ஐரோப்பாவில் தொடங்கி ஐரோப்பாவிலேயே முடித்துவிடுகின்றனர். நிக்கோலா பியோன் 1709இல் பாரிசில் வெளியிட்ட நூலும், எட்மண்ட் ஸ்டோன் 1723இல் செய்த அதன் ஆங்கில ஆக்கமும், லண்டன் கருவி வினைஞர் ஜார்ஜ் ஆடம்ஸின் 1791ஆம் ஆண்டு நூலும் அந்த வரிசையில் தவறாமல் வரும். காரி நாயனாரின் கணக்கதிகாரம் வராது. அது தமிழ்ச் சுவடிகளோடு வேறோர் அலமாரியில் இருக்கும். இந்தப் பிரிவினை பிழையானது. நிலம் அளக்கும் கணக்கை ஒரு நூல் எங்கே வைக்கிறது, ஆளின் நினைவிலா கருவியின் உடலிலா என்று கேட்டால், இவ்விரு வகை நூல்களும் ஒரே அலமாரிக்குரியவை என்பது புலப்படும்.

காவிரிக்கரை வழக்கில் நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. தமிழ்ப் பின்ன எண்முறையான கீழ்வாயிலக்கத்திலும் மா என்பது இருபதில் ஒன்றுதான். ஆகவே வாய்பாட்டு நூலான எண்சுவடியை மனனம் செய்த பிள்ளைக்கு நில வாய்பாடு பாதி கைவந்ததாகிவிடும். 1620 வாக்கில் எட்மண்ட் கண்டர் தம் சங்கிலியில் செய்ததும் இதையே. 66 அடிச் சங்கிலியை 100 கண்ணிகளாகப் பகுத்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் ஆனது. இன்றும் திண்டுக்கல்லில் மனை வாங்குவோர் பேசும் ஒரு சென்ட், சரியாக 1,000 சதுரக் கண்ணி. நில அலகையும் எண்முறையையும் பொருத்திவிடும் நுட்பம் இரண்டிலும் ஒன்றே. தமிழ்ச் சுவடி அதை நாவில் ஏற்றியது. கண்டர் இரும்பில் ஏற்றினார்.

இதனால் சுவடிக் கணக்கில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நாற்கரப் புலத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரண்டையும் பெருக்குவது இந்தியக் கணித மரபு நெடுகப் புழங்கிய வழி. செவ்வகத்துக்கு அது துல்லியம். மூலை சாய்ந்த புலத்துக்கோ விடை எப்போதும் கூடுதலாகவே வரும். நான்கு பக்கமும் சமமாக, ஒரு மூலை 60 பாகையாக உள்ள புலத்தில் உண்மைப் பரப்பைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு மிகும். தீர்வை கட்டுபவனுக்கு அது சிறு தொகை ஆகாது. சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடையே ஓடைகளும் பாறைகளும் குறுக்கிட்டுக் கோணலாக்கிய புன்செய்களில் இந்தப் பிழை எவ்வளவு கனத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு மாறியது. 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் சர்வே பள்ளியைத் தொடங்கினார். 1821இல் பி. எஸ். வார்டு பழனி மலைத்தொடரை அளந்தார். ஆயினும் புலம் புலமாக அளக்கும் சீரான வருவாய் நில அளவை சென்னை மாகாணத்தில் 1858இல்தான் தொடங்கியது. அதில் பயன்பட்டவற்றுள் ஒன்று, செங்கோணம் குறிக்கும் கிராஸ்-ஸ்டாஃப் என்னும் எளிய கருவி. புலத்தின் குறுக்கே மூலைவிட்டக் கோடு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் செங்குத்தாக அளந்தால், எவ்வளவு கோணலான புலமும் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரிந்துவிடும். சுவடிக் கணக்கு இடறிய இடத்தைக் கருவி கடந்தது. இந்த வெற்றியை நாம் மனம்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கணக்கு கருவிக்குள்ளும் அட்டவணைக்குள்ளும் போனபின், கணக்கிட்டவர் நூலிலிருந்து மறைந்தார். ஸ்மித், துல்லியர் இருவரும் 1851இல் தொகுத்த இந்திய நில அளவைக் கையேட்டில் கணக்கீட்டுப் பகுதிகளை ஆக்கித் தந்தவர் ராதாநாத் சிக்தார். முதற்பதிப்பு அதை நன்றியுடன் குறித்தது. அவர் மறைந்தபின் 1875இல் வந்த மூன்றாம் பதிப்பு அக்குறிப்பையே நீக்கிவிட்டது. ஊர்க் கணக்கப்பிள்ளைகளுக்கோ முதற்பதிப்பில்கூட இடம் கிடைத்ததில்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கருவியை மட்டுமே அறிவாகக் கொள்ளும் நூல்மரபின் இயல்பான விளைவு இது.

தஞ்சை சரசுவதி மகால் நூலகம் கணக்கதிகாரத்தை அச்சேற்றியிருப்பதால், ஒப்பிட்டு ஆராய மூலநூல் கையிலேயே இருக்கிறது. மறுபாதிச் சான்று பழைய புலப்பட நூல்களில், கண்ணி அளவில் குறிக்கப்பட்ட மூலைவிட்டங்களில் உள்ளது. மெட்ரிக் அளவுக்கு மாற்றியாயிற்று, கணினியில் ஏற்றியாயிற்று என்று காரணம் காட்டி அவற்றைக் கழித்துவிடாமல், வட்ட அலுவலகங்கள் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். நம் நூலகங்கள் கணக்கதிகாரத்தையும் ஆடம்ஸையும் ஒரே பொருள் தலைப்பின்கீழ் பட்டியலிட வேண்டும்.