ரசிகையே நாயகியான கதை

1940-இல் ராபின் தோன்றியது முதல், அமெரிக்கச் சித்திரக்கதைகளில் பதின்வயதினர் பெரும்பாலும் நாயகனுக்குத் துணைவர்களே. 1962-இல் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் அவ்வழக்கை முறித்தான். டிட்கோ தீட்டியது மல்லனின் மார்பன்று. மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவனின் ஒடுங்கிய தோள். அதைப் பற்றி ரசிகர் எழுதிய கடிதங்களை இதழ்களே அச்சிட்டன.

2014-இல் வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்போனா வரைந்த ‘மிஸ் மார்வெல்’ வெளிவந்தது. நாயகி கமலா கான், ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண், வயது 16. வீரர்களைப் பற்றித் தானும் கதை புனையும் ரசிகை அவள். (நம் மன்றத்திற்கு ஏற்ற உறுப்பினர்!) ஆற்றல் வாய்த்ததும் அவள் முதலில் எடுத்த உருவம் தன்னுடையதன்று, தான் போற்றிய பொன்னிறக் கூந்தல் வீராங்கனையினுடையது. கூந்தல் கண்ணை மறைத்தது, காலணி கடித்தது. நிறமும் பெயரும் நாணத்திற்குரியவை என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் அப்பக்கங்களில் தம்மையே கண்டிருப்பர்.

2015-இல் சான்பிரான்சிஸ்கோ பேருந்துகளில் இஸ்லாமியரை இழித்த விளம்பரங்கள் வலம்வந்தன. சிலர் அவற்றின்மீது கமலாவின் படத்தை ஒட்டிச் சென்றனர்.