மலையேறிய மரக்கலங்கள்

ஹிஜ்ரி 857, அதாவது கி.பி. 1453 ஏப்ரல் 22ஆம் நாள் குஸ்தன்தீனிய்யாவின் மதிற்காவலர் கண்ட காட்சியை, நம் மேடைகளில் பலர் கராமத் என்று கூறி முடித்துவிடுகின்றனர். கராமத்தை நாம் மறுப்பவரல்லர். ஆயினும் உழைத்தோரின் வியர்வையை அது மறைத்துவிடலாகாது.

பொற்கொம்பு வளைகுடாவின் வாயிலைப் பைசாந்தியர் பெருஞ்சங்கிலியால் அடைத்திருந்தனர். 21 வயதுச் சுல்தான் முஹம்மது அல்ஃபாத்திஹ், ஏறத்தாழ 70 கப்பல்களைப் பாஸ்பரஸ் கரையிலிருந்து கலாத்தாவின் பின்புறக் குன்றின் மீதேற்றி, மறுபுறம் வளைகுடாவில் இறக்கினார். முகட்டின் உயரம் ஏறத்தாழ 200 அடி. வழியெங்கும் மரங்கள் பரப்பப்பட்டுக் கொழுப்புப் பூசப்பட்டது. காளைகளும் மனிதர்களும் இழுத்தனர்.

கொழுப்பு எதற்கு? ஒரு கப்பலின் எடை 10 டன் எனவும், சரிவு பத்தடிக்கு ஓரடி ஏற்றம் எனவும் கொள்வோம். இவை கணக்கிற்காக நாம் வைத்துக்கொண்டவையே. 200 அடி உயர்த்த 2,000 அடி-டன் வேலை வேண்டும். இதில் எவ்வுபாயத்தாலும் குறைவு செய்ய இயலாது. உராய்வுக்கு ஈடுகொடுக்கும் வேலை தனி. உலர்ந்த மரத்தில் உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கானால், 2,000 அடி வழிக்கு 6,000 அடி-டன்; மொத்தம் 8,000. கொழுப்பால் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் மொத்தம் 4,000. உழைப்பில் சரிபாதி மிச்சம்!

இறக்கத்திலோ நிலைமை தலைகீழ். ஏறும்போது பகையாயிருந்த உராய்வே இப்போது காவல். அது இருபதில் ஒரு பங்காக இளகிவிட்டால், தடுப்பாரில்லாக் கப்பல் அதே சரிவின் அடிவாரத்தை அடைகையில் வினாடிக்கு 80 அடி வேகம் கொண்டிருக்கும். உயரத்தில் சேர்ந்த ஆற்றலில் பாதி உராய்வில் கழிய, மறுபாதி இயக்க ஆற்றலாகிவிடும். அத்தகைய சரிவில் முன்னின்று இழுப்பதைவிடப் பின்னின்று கயிற்றைப் பிடிப்பதே பெரும்பணி.

இயக்க ஆற்றல் என்ற சொல் 19ஆம் நூற்றாண்டினது. எனினும் இயங்கும் பொருளில் தங்கும் உந்துதலை 'மைல்', அதாவது சாய்வு, என்றழைத்து, புறத்தடையே அதனைத் தேய்க்கிறதென இப்னு சீனா (மறைவு 1037) முன்னரே எழுதியிருந்தார். அந்தக் காளைக்காரர்கள் அவரைப் படித்திருக்கமாட்டார்கள். கயிறு அவர்களுக்குக் கற்பித்திருக்கும்.

கப்பல்களில் பாய் விரித்து, மாலுமிகள் காற்றிலே துடுப்பு வலித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் கிறித்தொபூலோஸ் வரைகிறார். அன்று முதல் வளைகுடாப் பக்க மதிலுக்கும் வீரர்களைப் பிரித்தனுப்பும் நெருக்கடி நகரத்தாருக்கு நேர்ந்தது. மே 29இல் நகரம் வீழ்ந்தது.