அலைவெளியில் ஓர் உரிமை

அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் உரிமச்சீட்டைக் கையிற் பெற்ற அன்றே அறிந்துகொள்ள வேண்டுவது, தாம் எந்த எல்லைக்குள் ஒலிபரப்பலாம் என்பதாகும். எந்த அலைவரிசை, எவ்வளவு மின்திறன், எவ்வகைச் செய்தி என மூன்று வேலிகள் அவரைச் சூழ்ந்துள்ளன. இவ்வேலிகள் எழுந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு இளைஞர்கள் பலர் தம் வீடுகளிலேயே தீப்பொறிக் கருவிகளை அமைத்துக் கம்பியில்லாத் தந்தி அனுப்பி வந்தனர். கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. அக்கருவிகள் எழுப்பிய அலையோ பரந்துபட்டது. ஒருவர் அனுப்பினால் அண்டையிலுள்ள பலருடைய செய்தி குழம்பிற்று. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, பயணிகள் அனைவரும் நலம் என்ற பொய்ச் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. அலைவெளியில் நிலவிய குழப்பமே இதற்குக் காரணம் எனப் பலர் கருதினர். பழியின் ஒரு பகுதி அமெச்சூர்கள் மீதும் விழுந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் அமெரிக்க வானொலிச் சட்டம் பிறந்தது. உரிமம் இன்றி ஒலிபரப்பலாகாது. அமெச்சூர்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைத் தொடலாகாது. மின்திறன் 1 கிலோவாட்டைத் தாண்டலாகாது. கடற்படை, தரைப்படை நிலையங்களுக்கு 5 கடல்மைல் தொலைவுக்குள் இருப்போர்க்கு அதிற் பாதியே என்று அது விதித்தது. நெடிய அலைகளே தொலைவு செல்லும் என்பது அக்காலத்தார் கொள்கை. ஆகவே நன்செய் முழுவதையும் அரசும் வணிகரும் எடுத்துக்கொண்டு, களர் நிலத்தை இளைஞர்களுக்கு ஒதுக்கினர் எனலாம்.

அக்களர் நிலத்திலேதான் புதையல் இருந்தது! 1923 நவம்பரில் பிரான்சு நாட்டின் நீஸ் நகரிலிருந்து லெயோன் தெலுவா என்பவரும், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து பிரெட் ஷ்னெல் என்பவரும், 100 மீட்டரையொட்டிய அலைகளில் அட்லாண்டிக் கடலுக்கு இருபுறமிருந்தும் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறினர். ஷ்னெல் அந்த அலையைத் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தனி அனுமதி பெற்றே பயன்படுத்தினார் என்பதை மாணவர் கருத்திற் கொள்க. மறு ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், லண்டன் மில்ஹில் பள்ளியில் பயின்ற செசில் காய்டர் என்னும் இளைஞர் நியூசிலாந்திலிருந்த பிராங்க் பெல்லுடன் தொடர்பு கொண்டார். அதே காய்டர் பிற்காலத்தில் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார். பள்ளிக்கூடத்தில் முளைத்த ஆர்வம் நம் நாட்டு ஒலிபரப்புக்கும் பயன்பட்டதன்றோ?

சிற்றலையின் ஆற்றல் வெளிப்பட்டதும் பெரிய நிறுவனங்களும் அரசுகளும் அதனை நாடி வந்தன. 1927இல் வாஷிங்டனில் கூடிய உலக மாநாடு, 80, 40, 20 மீட்டர் முதலிய சில பகுதிகளை அமெச்சூர்களுக்கென வகுத்தது. பரப்பு சுருங்கிற்று; ஆயினும் உலகம் ஏற்றுக்கொண்ட உரிமை நிலைபெற்றது.

உரிமையைப் படிப்படியாக அளிக்கும் முறையும் பின்னர் வந்தது. 1951இல் அமெரிக்காவில் 'நாவிஸ்' எனப்படும் தொடக்கநிலை உரிமம் ஏற்பட்டது. நிமிடத்திற்கு 5 சொற்கள் மோர்ஸ் சங்கேதம் அறிந்தால் போதுமாயிருந்தது. ஆனால் திறன் 75 வாட்டுக்குள் அடங்கவேண்டியிருந்தது. அதிர்வெண் படிகத்தால் கட்டுப்படவேண்டியிருந்தது. ஓராண்டிற்குள் மேல்தேர்வு எழுதாவிடில் உரிமம் ஒழிந்தது. மாணவனை முதல் வகுப்பிலேயே நிறுத்திவிடாமல் மேலே ஏற்றும் உபாயம் இது.

புதியவர்கள் தவறக்கூடிய ஓரிடத்தையும் இங்குக் கூறுதல் வேண்டும். 20 மீட்டர் பகுதி 14,000 முதல் 14,350 கிலோஹெர்ட்ஸ் வரை. கருவியின் முகப்பு 14,349 என்று காட்டினால் எல்லைக்குள்ளேயே இருக்கிறோம் என எண்ணத் தோன்றும். ஆனால் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் மனிதக்குரல் ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் கொள்ளும். மேற்பக்கப்பட்டையில் பேசினால் குரல் வேலியைத் தாண்டிப் பிறர் நிலத்திற் புகும். வண்டி ஓட்டுபவன் சக்கரத்தின் அகலத்தையும் சேர்த்தே பாதையை அளக்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடும் எதற்காக? 2004 டிசம்பரில் அரிய அனுமதி பெற்று இந்திய அமெச்சூர் குழுவொன்று அந்தமானில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. 26ஆம் நாள் நிலம் நடுங்கிற்று; கடல் பொங்கிற்று; தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அக்குழுவினர் பொழுதுபோக்கை விடுத்து, உற்றார் நலம் குறித்த செய்திகளைத் தாய்நிலத்திற்கு அனுப்பினர். அலைவெளி ஒழுங்காக இருந்தமையாலேயே மெலிந்த குரலும் கேட்டது.

ஆதலின் உரிமம் என்பது சொத்தன்று. உலகம் நம்மிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். தம் எல்லையை அறிந்தவர் பிறர் எல்லையையும் காப்பர்.